இறுக்காத பிடி

பலூன் சுடும் கடைக்காரர்கள் துப்பாக்கிக் குழலை வேண்டுமென்றே வளைத்து வைத்திருப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றில் குழல் நேராகத்தான் இருந்தது. முன்னால் உள்ள குறிமுள்தான் ஆயிரம் கை மாறி, மேஜையில் இடிபட்டு ஒருபக்கம் சாய்ந்திருக்கும். விஷயம் தெரிந்தவர் முதல் குண்டைப் பலூனுக்குச் செலவழிக்க மாட்டார். பலகையில் ஓர் ஆணியைக் குறிவைத்து, எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்த்துக்கொள்வார். அடுத்த குண்டிலிருந்து அந்த அளவு ஒதுக்கிச் சுடுவார்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில், கார்த்திகை தீபத்தின்போது போடும் கடைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய கோயிலிலிருந்து கிளம்பியவர்கள் இங்கே வந்து சேரும்போது 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் பாதிக்கு மேல் வெறுங்காலில் நடந்திருப்பார்கள். மூச்சு வாங்கும், கால் நிலைகொள்ளாது. அந்த நிலையில் துப்பாக்கி கிடைத்தால் மனிதர்கள் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஒருமுறை ஒரு பெண்பிள்ளையிடம் கடைக்காரர் சொன்னார்: "கெட்டியா புடிக்காத பாப்பா, சும்மா கையில தாங்கிக்க." அடுத்த மூன்றும் வெடித்தன.

அவர் சொன்னதில் முழு இயந்திரவியலும் இருக்கிறது. இந்தக் கடைகளில் இருக்கும் ஸ்பிரிங் ஏர்கன்னில் விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னே பாயும், துப்பாக்கி பின்னே உதைக்கும். காற்று அமுங்கி பிஸ்டன் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னே இழுக்கும். உடுக்கைபோல இடை சிறுத்த ஈயக் குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் நம் கையின் நடுக்கமும் அதில் சேர்ந்துகொள்ளும். தாங்கினால் போதும், ஒவ்வொரு முறையும் துப்பாக்கி ஒரே மாதிரி ஆடும்.

என் பிழைப்பும் இந்தப் பிடியை வைத்துத்தான். ராணிப்பேட்டை, ஓசூர், அம்பத்தூர் என்று பட்டறை பட்டறையாகப் போய்ப் பையன்களுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுத்தருகிறேன். புதிதாக வந்தவன் வலுக்கொண்டு திருகுவான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அங்கேயே தொலைந்துபோகும். கடைசியில் உள்ள ராட்செட்டைத் திருப்பி, அது 'டிக் டிக்' என்று வழுக்கியதும் கையை எடுக்கிறவன் அளவு பிசகமாட்டான். அப்படிப்பட்ட ஒரு பையனை ஓசூர் பக்கத் திருவிழாவில் பலூன் கடைக்கு இழுத்துப் போனேன். விசையையும் அவன் அப்படித்தான் தொட்டான்.

போட்டித் துப்பாக்கிகள் இப்போது அடைத்த காற்றில் இயங்குகின்றன, உதை அநேகமாக இல்லை. ஆனால் 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்துக்கான புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர், குண்டோ 4.5 மில்லிமீட்டர். 75 நிமிடத்தில் 60 குண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது இந்தப் போட்டியில்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹாக்கினெனும் சமநிலையில் இருந்தார்கள். ஹாக்கினென் 9.7, பிந்த்ரா 10.8. அந்த வேறுபாடு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாது.

எனக்குப் பிடித்தது சுட்ட பிறகு வரும் கணம். நல்ல சுடுநர் விசை விழுந்த பின்னும் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல், குறியை விட்டுக் கண்ணை அகற்றாமல் நிற்பார். மற்றவர்கள் பலூன் வெடித்ததா என்று உடனே தலையைத் தூக்குவார்கள். நான் கடையோரம் நின்று அந்தத் தலைகளைத்தான் பார்ப்பேன், பலூனைப் பார்ப்பதில்லை.