பேச்சற்ற சாட்சிகள்: ‘அக்ரஹாரத்தில் கழுதை’ ஓர் அச்சப்படமாக

தமிழில் அச்சமூட்டும் படங்கள் எனப்படுவன பெரும்பாலும் பேய்ப் படங்களே. பாழடைந்த மாளிகை, வெள்ளைச் சேலை, நள்ளிரவுச் சலங்கையொலி என்பன அவற்றின் நிலையான உறுப்புகள். பேய் வெளியிலிருந்து வருகின்றது. அதனை ஓட்டியதும் ஊர் பழைய நிலைக்கு மீள்கின்றது. பேய்க்கும் ஒரு துயரக் கதை உண்டெனக் காட்டும் அண்மைக்காலப் படங்களிலுங்கூடக் குற்றவாளி ஒரு வில்லனே, ஊர் அன்று. ஊர் குற்றமற்றது என்பது இவ்வகைப் படங்களின் எழுதாச் சட்டம் எனலாம். இச்சட்டத்தை மீறிய தமிழ்ப்படம் ஒன்று 1977 இலேயே தோன்றியது. ஆயினும், அதனை அச்சப்படங்களின் வரிசையில் வைத்து நோக்கும் வழக்கம் இல்லை. அவ்வாறு நோக்குவது அதன் வலிமையை மட்டுமன்றி, ஒரு பெருங்குறையையும் புலப்படுத்தும். அக்குறை, ஊரெரிவதைத் திரைக்கு வெளியேயும் கண்ட குண்டசாலைப் பகுதியிலிருந்து நோக்குமிடத்து மேலும் தெளிவாகின்றது.

‘அக்ரஹாரத்தில் கழுதை’யின் நெறியாளர் ஜோன் ஏபிரகாம் (1937–1987) கேரளத்தவர், புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கின் மாணவராயிருந்தவர். திரைக்கதையை எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். நட்சத்திர நடிகர் எவருமின்றி, இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசனையே பேராசிரியர் நாராயணசுவாமியாக நடிக்க வைத்துச் சிறு செலவில் எடுக்கப்பட்ட படம் இது. 1977 ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றபோதிலும், இதனைக் கண்டோர் மிகச் சிலரே. இந்திய அரசின் தொலைக்காட்சியும் இதனை ஒளிபரப்ப எண்ணிப் பின்னர் கைவிட்டது. எதிர்த்தோர் இதனைப் பிராமண நிந்தை என்றனர். ஆதரித்தோர் பிராமணிய எதிர்ப்பு அங்கதம் என்றனர். இரு சாராரும் கண்டது ஒரே படத்தைத்தான். அங்கதத்தின் அடியில் ஓடும் அச்சத்தை இரு சாராருமே கவனிக்கவில்லை.

கதை எளியது. தாயை இழந்த கழுதைக் குட்டியொன்று பேராசிரியரின் வீட்டை வந்தடைகின்றது. அவர் அதனை வளர்க்கின்றார். கல்லூரியில் நகைப்புக்கு இடமாகின்றார். ஈற்றில் அதனைத் தமது அக்கிரகாரத்தில் பெற்றோரிடம் சேர்ப்பிக்கின்றார். அங்கு அதனைப் பேணுபவள் வாய்பேசாத உமா. ஊரில் நேரும் ஒவ்வொரு தீங்குக்கும் கழுதையே காரணமாக்கப்படுகின்றது. உமாவுக்கு இறந்து பிறந்த குழந்தையின் உடல் கோயிலருகே இடப்படும்போது அப்பழியும் கழுதை மீதே விழுகின்றது, கழுதை கொல்லப்படுகின்றது. பின்னர் சில நன்மைகள் நிகழ, அவை மாண்ட கழுதையின் அருள் எனக் கொள்ளப்பட்டு அதற்குக் கோயில் எழுப்பும் பேச்சு எழுகின்றது.

ஜோனுக்கு முன்மாதிரியாயிருந்தது பிரெஞ்சு நெறியாளர் பிரெசோன் 1966 இல் ஒரு கழுதையை நடுநாயகமாக்கி எடுத்த படம் என்பது பலரறிந்த செய்தி. பிரெசோனின் கழுதை கைக்குக் கை மாறிச் சுமை சுமக்கின்றது. ஜோனின் கழுதை சுமப்பது ஊரின் பழியை மட்டுமே. வழமையான அச்சப்படத்தில், வந்தேறிய ஒன்று ஊருக்கு என்ன செய்யுமோ எனப் பார்வையாளர் அஞ்சுவர். இங்கோ, வந்தேறியதை ஊர் என்ன செய்யுமோ என்பதே அச்சம். கழுதையின் முகம் எதனையும் உணர்த்துவதில்லை. அதில் எதனையும் எழுதிக்கொள்ளலாம். அக்கிரகாரத்தார் முதலில் தீட்டென்றும் பின்னர் தெய்வமென்றும் எழுதுகின்றனர். உண்மையை அறிந்த உமாவுக்கோ சொல் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டதும் பேசாது, சாட்சியும் பேசாள் என்ற இவ்வமைப்பே படத்தின் உயிர்நிலை. உமாவின் ஊமைத்தன்மையை இரக்கத்தைத் தூண்டும் உத்தியென ஒதுக்குவது மேலோட்டமான வாசிப்பாகும்.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஜோர்ஜ் ரொமேரோ ‘மார்ட்டின்’ என்ற படத்தைச் சிறு முதலீட்டில் எடுத்தார். உருக்காலைகள் நலிந்துபோன பிரடொக் என்னும் சிற்றூருக்கு வந்து சேரும் தனியனான இளைஞன் அதன் நாயகன். கோரைப்பற்களோ மாயமோ அவனிடம் இல்லை; ஊசிமருந்தும் சவர அலகும் கொண்டே குருதி பருகுகின்றான். உறவினரான முதியவர் கூடா அவனை இரத்தப் பிசாசு என நம்பி, வீட்டில் உள்ளிப்பூண்டு தொங்கவிடுகின்றார். மார்ட்டின் அப்பூண்டைக் கடித்துக் காட்டுகின்றான். அவன் உண்மையிலேயே கொலைகாரன். கழுதையைப் போல மாசற்றவன் அல்லன். எனினும், அவன் மார்பில் முளை அறையப்படுவது அவன் செய்த கொலைகளுக்காக அன்று. அவனை நேசித்த பெண்ணொருத்தி தானே தேடிக்கொண்ட மரணத்துக்காக. செய்யாத ஒன்றுக்காகத் தண்டிக்கப்படுதல் என்ற இடத்தில் ஒன்றையொன்று அறியாத இரு படங்களும் சந்திக்கின்றன.

ஆனால், ரொமேரோவுக்குக் கிட்டாத ஒரு பொருள் ஜோனுக்குக் கிட்டியது. கொன்றபின் வணங்குதல் தமிழ் நாட்டார் வழிபாட்டின் பழைய வழக்கம். கழுவேற்றப்பட்ட காத்தவராயனும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனும் தெய்வமானவர்களே. ஈழத்தில் காத்தவராயன் கூத்து ஆடப்படுவதும் அம்மரபின் தொடர்ச்சியே. இவ்வழிபாட்டில் அஞ்சியோரின் குற்றவுணர்வு மறைந்திருக்கின்றது என்பர். ஜோன் அதனைக்கூட ஊருக்கு விட்டுவைக்கவில்லை. அக்கிரகாரத்தார் வருந்துவதில்லை, பயன் கருதியே வணங்குகின்றனர். கழுதை உயிரோடிருந்தபோது எவ்வளவு தனிமையில் இருந்ததோ, தெய்வமானபின்னும் அவ்வளவு தனிமையிலேயே இருக்கின்றது. படத்தின் நடுப்பகுதியைப் போல அச்சத்தின் பிறப்பை இத்துணை நுணுக்கமாகக் காட்டிய தமிழ்ப்படம் அரிது.

இறுதிப்பகுதியே சிக்கலானது. கழுதையின் மண்டையோட்டை ஏந்திய தீயாட்டம் கட்டுமீறி அக்கிரகாரம் முழுவதையும் விழுங்குகின்றது. நாராயணசுவாமியும் உமாவும் மட்டுமே எஞ்சுகின்றனர். இதனை ஊழிக்கூத்தாகவும், அழுகியது அழிந்து புதியது பிறத்தலாகவும் கொள்வது எளிது. நெறியாளரும் அவ்வாறே கருதியிருத்தல் கூடும். ஆயின், தீயை நீதியாக ஏற்றல் எல்லா இடத்தும் இயலாது.

2018 பெப்ரவரியில் தெல்தெனியாவில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதியொருவர் மார்ச் 3 ஆம் நாள் உயிரிழந்தார். சந்தேகத்தின்பேரில் சிலர் ஏற்கனவே கைதாகியிருந்தனர். இருந்தும் மார்ச் 5 இல், குண்டசாலைப் பிரதேசத்துக்குட்பட்ட திகனையில் அக்குற்றத்தோடு எத்தொடர்புமற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டு எரியூட்டப்பட்டன. எரிந்த வீடொன்றிலிருந்து ஓர் இளைஞரின் சடலம் எடுக்கப்பட்டது. மறுநாள் நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. ஒருவர் செய்ததற்கு ஓரினத்தார் அனைவரும் பொறுப்பு என்ற கணக்கே அங்கு தீயை மூட்டியது.

ஜோனின் இறுதிக்காட்சியிலும் அதே கணக்கே செயற்படுகின்றது. கழுதையைக் கொன்றவர்கள் சிலர்; எரிவதோ அக்கிரகாரம் முழுவதும். அங்கும் குழந்தைகள் இருந்தனர். ஊர் கழுதைக்குச் செய்ததைப் படம் ஊருக்குச் செய்கின்றது. இவ்விடத்தில் ரொமேரோவே கூடிய நேர்மையுடையவராகத் தோன்றுகின்றார். அவர் எதனையும் எரிப்பதில்லை. கூடா தமது வீட்டு முற்றத்திலேயே மார்ட்டினைப் புதைக்கின்றார். ஊர் முன்போலவே இயங்குகின்றது. மார்ட்டின் வழக்கமாகப் பேசிவந்த வானொலி நிகழ்ச்சியில், அவன் எங்கே எனக் கேட்கும் குரல்கள் மட்டும் தொடர்கின்றன.

‘அக்ரஹாரத்தில் கழுதை’யில் அவ்வாறு கேட்போர் இல்லை. கோயிலருகே அக்குழந்தையை இட்டவர் யார் என்ற வினாவை ஒருமுறையேனும் உமாவிடம் கேளாமலே ஊர் எரிந்துபோகின்றது.