துப்பறியும் பிள்ளை எந்தத் தெரு?

சின்ன ஊர். வெளியூரிலிருந்து ஒரு பையன் வருகிறான். ஊருக்குள் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு ஒன்று. ராத்திரியில் அங்கே விளக்கு தெரிகிறது. விசாரித்தால் ஊர்ப் பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை. பையன் சுவரேறிக் குதிக்கிறான், நிலவறையைக் கண்டுபிடிக்கிறான், கடைசியில் போலீஸ் வந்து அவன் முதுகில் தட்டிக்கொடுக்கிறது. இளம் வாசகர்களுக்கான மர்மக்கதை பெரும்பாலும் இந்த அச்சில்தான் வார்க்கப்படுகிறது. வெறும் பொழுதுபோக்கு, இதில் என்ன அரசியல் என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். சேரியிலிருந்து நூலகத்துக்குப் போகிற பிள்ளை முதலில் கையில் எடுப்பது தத்துவப் புத்தகத்தை இல்லை, இந்தக் கதையைத்தான். அதனால் இதைப் பேசியாக வேண்டும்.

முதலில் கதையின் அஸ்திவாரம். துப்பறிகிறவனுக்கு நாலு உரிமை வேண்டும். எந்தத் தெருவிலும் எந்நேரமும் நடக்கலாம். எந்த வீட்டு வாசற்படியையும் மிதிக்கலாம். பெரிய மனுசர்களைக் கேள்வி கேட்கலாம். அவன் சொல்வதைப் போலீஸ் நம்பும். இந்த நாலும் இருந்தால்தான் கதை நகரும். சிவகங்கைச் சீமையில் ஒரு சேரிப் பையன் பொழுதடைந்தபின் ஊர்த் தெருவில் தனியாக நிற்கட்டும். அவன் வாயைத் திறப்பதற்குள் அவனைக் கேட்டுவிடுவார்கள்: "எந்த ஊருடா? யாரு மகன்? இங்க என்ன சோலி?" மூன்றும் ஒரே கேள்விதான். துப்பறிய வந்தவன் அந்த இடத்திலேயே சந்தேகத்துக்குரியவன் ஆகிவிடுகிறான். கதை முதல் பக்கத்தோடு சரி.

தமிழில் துப்பறியும் கதையைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் தமிழ்வாணன். 1926ல் தேவகோட்டையில் பிறந்தவர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, 'கல்கண்டு' இதழ், 'துணிவே துணை' என்ற முழக்கம், துப்பறியும் சங்கர்லால் எல்லாம் அவர் கொடுத்தவை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவனையும் வாசகனாக்கிய எளிய தமிழ் அவருடையது. அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். சங்கர்லால் சென்னையில் வாழ்கிறவர். விமானம் ஏறி வெளிநாட்டுக்குப் போய்த் துப்பறிவார். போலீஸ் அதிகாரிகள் அவர் யோசனைக்குக் காத்திருப்பார்கள். சிக்கல் முற்றினால் தேநீர் குடித்துக்கொண்டே யோசிப்பார், விடை கிடைத்துவிடும். அந்தத் தேநீர் எந்தக் குவளையில் வந்தது என்று கேட்கவேண்டிய அவசியம் அந்த உலகத்தில் எவருக்கும் இல்லை. நம் ஆட்களுக்கு டீக்கடையில்தான் முதல் புலன்விசாரணையே நடக்கிறது.

தமிழ்வாணன் நாலைந்து வயதுப் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தச் சீமையில் என்ன நடந்தது? அன்றைக்கு இது ராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, சட்டை கூடாது, செருப்பு கூடாது, குடை கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. 1931ல் அது 11 தடைகளாக வளர்ந்தது. அதில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக்கூடாது. இன்னொன்று, அவர்கள் மிராசுதார் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இந்தப் பட்டியலை எழுதி வைத்திருக்கிறார். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஆக, வாசகன் யார் என்பதே அடித்துத் தீர்க்கப்பட்ட ஊர் இது. பிறகு வந்த இலக்கிய வரலாறுகள் 'அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் படித்தார்கள்' என்று எழுதும்போது, 'எல்லாரும்' என்றால் யார் என்று நாம் கேட்கிறோம்.

இன்னொரு விசயம். மர்மக்கதையில் ரகசியம் ஒருவனிடம் இருக்கும், ஊருக்குத் தெரியாது. நம் ஊர்களில் ரகசியம் ஊருக்கே தெரியும், வெளியே மட்டும் வராது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர் 2006க்குப் பிறகு பல ஆண்டுகள் நிலையை விட்டு நகரவில்லை. வழிப்போக்கன் ஒருத்தன் கேட்டால் தேர் பழுது, கோயில் வேலை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 1998லிருந்து வடம் பிடிக்கும் உரிமையைத் தலித்துகள் கேட்டதுதான் காரணம் என்பது மாடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். 2024 ஜூனில்தான் பெரும் போலீஸ் காவலோடு தேர் ஓடியது. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? 'யார் செய்தது' என்ற கேள்வி இங்கே செல்லாது. 'எல்லாருக்கும் தெரிந்தும் எப்படி எல்லாரும் சும்மா இருக்கிறார்கள்' என்பதுதான் எழுதப்படாத மர்மம்.

1990களின் பிற்பாதியில் பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன்னால் கட்டிப்போட்ட 'மர்மதேசம்' தொடரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு'. ஒரு கிராமம், குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்புசாமி, பயந்து வளர்ந்த ஒரு சிறுவன். சின்ன ஊரின் பயத்தை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய பிரதி தமிழில் குறைவு. ஆனால் கேள்வி எப்படிப் போடப்பட்டது? நடப்பது சாமியா, மனநோயா? இரண்டே விடை. ஒரு ஊரில் யாருக்கு யார்மேல் பயம், தண்டிக்கிற உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது என்ற மூன்றாவது வழி திறக்கவே இல்லை. கருப்பு நம் காவல் தெய்வமும்தான். அவரை நம்மிடமிருந்து பிரித்து, பொதுவான ஒரு பயமாக மாற்றித் திருப்பிக் கொடுத்தது அந்தத் தொடர்.

இதெல்லாம் வெறும் கதை என்கிறவர்கள் பக்கத்து ஜில்லாவான புதுக்கோட்டைக்கு வாருங்கள். இறையூர் வேங்கைவயல். 2022 டிசம்பரில் தலித் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போகிறது. தண்ணீரைப் பாருங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். டிசம்பர் 26ஆம் தேதி குடிநீர்த் தொட்டியில் ஏறிப் பார்த்தால் மனித மலம். மர்மக்கதை எழுத்தாளன் எவனும் யோசிக்கத் துணியாத தொடக்கம். விசாரிக்க வந்த கலெக்டர் முன்னால் கூடுதலாக இரண்டு உண்மைகள் வெளியே வந்தன: கோயிலுக்குள் விடுவதில்லை, டீக்கடையில் தனிக் குவளை. பிறகு சிபிசிஐடி வந்தது, மரபணுச் சோதனை வந்தது, இரண்டு வருசம் போனது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரே குற்றவாளிகள் என்றது. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் இதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டன. தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். நான் கவனிப்பது கதையின் போக்கை. மலம் கலந்த தண்ணீரைக் குடித்தவர்களின் தெருவிலேயே தொடங்கி, அந்தத் தெருவிலேயே முடிகிற புலன்விசாரணை. கோயில் கதவும் டீக்கடைக் குவளையும் கதையை விட்டே காணாமல் போய்விட்டன. தெரிந்தோ தெரியாமலோ நாம் படித்து வளர்ந்த மர்மக்கதை இந்த முடிவுக்கு நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது: ஒரு குற்றவாளி அகப்பட்டால் போதும், ஊர் சுத்தமாகிவிடும்.

வேறு மாதிரி எழுத முடியாதா? அமெரிக்காவில் 1927லிருந்து வந்த ஹார்டி பாய்ஸ், 1930லிருந்து வந்த நான்சி ட்ரூ கதைகளில் கறுப்பின மக்களைக் கேலிப் பாத்திரங்களாகவும் சந்தேகத்துக்குரியவர்களாகவும் எழுதியிருந்தார்கள். 1959லிருந்து அந்தப் புத்தகங்களைத் திருத்தி எழுதினார்கள். கேலியை நீக்கியபோது பல இடங்களில் கறுப்பர்களையே நீக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. பதில் திருத்தியவர்களிடமிருந்து வரவில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஒருவரின் பேத்தி, வர்ஜீனியா ஹாமில்டன், 1968ல் 'தி ஹவுஸ் ஆஃப் டைஸ் ட்ரியர்' எழுதினார். அதே அச்சுத்தான்: சின்ன ஊர், பேய் வீடு, சுரங்கம், 13 வயசுப் பையன். ஆனால் பையன் கறுப்பன். அந்த வீடு தப்பி ஓடிவந்த அடிமைகளை ஒளித்துவைத்த வீடு. சுரங்கத்துக்குள் அவன் கண்டெடுப்பது தன் முன்னோர்களின் வரலாறு. மறுவருசம் அது மர்மக்கதைக்கான எட்கர் விருது பெற்றது. வடிவத்தை ஒதுக்காமல் உள்ளே நுழைந்து வீட்டையே தன்னுடையதாக்கிக்கொண்டார்.

செட்டிநாட்டில் பூட்டிய வீட்டுக்கா பஞ்சம்? பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் போட்ட அரண்மனைகள் தெருத்தெருவாகக் கிடக்கின்றன. சினிமாக்காரர்களும் சுற்றுலாக்காரர்களும் முன்வாசல் வழியாக வருகிறார்கள். அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தது யார், மண் சுமந்தது யார், எந்த வாசலோடு அவர்கள் நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு கொல்லைப்புறமாக ஒரு சேரிப் பெண்பிள்ளை உள்ளே போகட்டும். 'சின்னப் பிள்ளைகளுக்கு எதுக்குங்க சாதியெல்லாம்' என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அந்தப் பிள்ளை எழுத்தைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அதைத் தெரிந்துகொண்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்ததைக் கதை மட்டும் தெரியாததுபோல் நடிக்கிறது.

தன்வரலாறும் நாவலும் நம்மிடம் வந்துவிட்டன. 12 வயசுப் பிள்ளை ராத்திரி போர்வைக்குள் விளக்கு வைத்துப் படிக்கிற தலித் மர்மக்கதை இன்னும் போதுமான அளவு வரவில்லை. எழுதுங்கள். விறுவிறுப்பாகவே எழுதுங்கள், பிரசங்கம் வேண்டாம். ஆனால் துப்பறிகிற பிள்ளை எந்தத் தெரு என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் அவள் தட்டுகிற ஒவ்வொரு கதவும் தானாகவே கதையாகும்.