புகழ்மாலையும் வாழ்க்கை வரலாறும்

எங்கட சமூகத்தில் ஒரு பெரியவர் மௌத்தானால் நினைவு மலர் ஒன்று வரும். பிறந்தார், படித்தார், பள்ளிவாசலுக்கு உதவினார், எல்லோருடனும் அன்பாகப் பழகினார் என்று அதில் இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் அது இன்னொருவருக்கும் அப்படியே பொருந்தும். வாழ்க்கை வரலாற்றுக்கு நான் வைக்கும் முதற் சோதனை இதுதான்: பெயரை மாற்றினால் பொருந்தக்கூடாது.

நான் படிப்பிக்கும் இந்தத் தீவகத்திலேயே உதாரணம் உண்டு. தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்துறைக் கரம்பனில் பிறந்தவர், தந்தைவழியில் நெடுந்தீவு. பிள்ளைகள் கட்டுரை எழுதினால், தொட்டிலிலேயே தமிழ்ப்பற்றோடு கிடந்தவர்போல எழுதுவார்கள். பெரியவர்கள் எழுதும் நூல்களும் சிலவேளை அப்படித்தான். உண்மை அதைவிடச் சுவையானது. உரோமையில் அவர் ஆராய்ந்தது புனித சிப்பிரியான் காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருக்களைப் பற்றி. 1940இல் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக்கு ஆசிரியராகப் போன பிறகே தமிழை ஊன்றிப் படித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தபோது வயது முப்பத்திரண்டு. அதே மனிதர்தான் 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். கார்த்தேஜிலிருந்து சங்க இலக்கியத்துக்கு ஒரு மனம் எப்படித் திரும்பியது? 1961இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தை விட்டு மலாயாவுக்குப் போனது ஏன்? இந்தத் திருப்பங்களில் நின்று பேசுவதுதான் வரலாறு. பதவிகளையும் பட்டங்களையும் அடுக்குவது பட்டியல்.

இரண்டாவது சோதனை: இது எப்படித் தெரியும்? இதை நாம் வெளியே போய்ப் படிக்கத் தேவையில்லை. ஹதீஸ் கலை வல்லுநர்கள் வளர்த்த 'அஸ்மாஉர் ரிஜால்' முழுக்க முழுக்க இந்தக் கேள்விதான். யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, நினைவாற்றல் எப்படி என்றெல்லாம் விசாரித்தார்கள். இப்னு கல்லிகான் தமது பெரும் நூலில் இறந்த ஆண்டை உறுதிசெய்ய முடிந்தவர்களுக்கே பெரும்பாலும் இடம் கொடுத்தார்.

மௌத்தானவரின் குறையைப் பேசலாமா என்று கேட்பார்கள். பண்பான கேள்விதான். ஆனால் பேணுதலான ஒருவரைக்கூட 'நினைவாற்றல் குறைந்தவர்' என்று எழுதிவைக்க அந்த இமாம்கள் தயங்கவில்லை. அதைப் புறம் என்று அவர்கள் எண்ணவில்லை, அமானிதம் என்றே எண்ணினார்கள். வீட்டுச் சண்டையைக் கிளறுவது வேறு. ஒருவர் எடுத்த முடிவு ஏன் பிழைத்தது என்று எழுதுவது வேறு.

வடபுலத்து முஸ்லிம்களாகிய எங்களுக்கு இது அவசரமான விசயம். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து மக்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற நேர்ந்தது. கடிதம், நாட்குறிப்பு, கைப்பிரதி எதை எடுத்துக்கொண்டு போவது? எங்கட புலவர்கள், ஆசிரியர்கள், வணிகர்கள் பலருடைய வாழ்க்கைக்கு இன்று எஞ்சியிருக்கும் ஆவணம் முதியவர்களின் ஞாபகம்தான். அன்று நாற்பது வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்.

ஆகவே அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டால், பாராட்டுரையை ஒரு பக்கத்தோடு நிறுத்துங்கள். மிச்சப் பக்கங்களில் அவரைத் தெரிந்த நாலு பேர் சொன்னதை, சொன்னவர் பெயரோடும் ஆண்டோடும் போடுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தால் இரண்டையும் போடுங்கள். நாளைக்கு முழுமையான வரலாறு எழுத வருபவருக்கு அதுதான் கையில் கிடைக்கும்.