கரண்ட் போனால் தெரியும் சங்கதி

மேசைக்குக் கீழே நிற்கும் கறுப்புப் பெட்டிக்குப் பத்து வாரம் முடிந்துவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்து, பாகம் பாகமாகப் பொறுக்கி, கூடத்தில் பாய் விரித்து நானே பூட்டிய கேமிங் கம்ப்யூட்டர். உள்ளே இருப்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: ரைசன் 5 7600, பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5, ரேடியான் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி, ஒரு டிபி எஸ்எஸ்டி, 750 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ். எப்படி ஓடுகிறது? பிரமாதமாக ஓடுகிறது, கரண்ட் இருக்கும்வரை.

மூன்றாம் நாள் இரவு பால்டர்ஸ் கேட் 3 ஆடிக்கொண்டிருந்தேன். முறை வைத்து அடித்துக்கொள்ளும் சண்டை. நாற்பது நிமிடமாக ஒரே களம். எதிரியிடம் கொஞ்சம்தான் உயிர் மிச்சம். அப்போது தெருவே இருண்டது. காலடியில் இருந்த 600 விஏ யுபிஎஸ் ஒரே ஒரு முறை 'கீ' என்று கத்திவிட்டு அதுவும் அடங்கியது. கடைசியாக எப்போது சேவ் செய்தேன் என்று இருட்டில் யோசித்துப் பார்த்தேன். சண்டைக்கு முன்னால்.

முதல் தப்பு என்னுடையது. யுபிஎஸ் பெட்டியில் பெரிதாக அச்சிடும் விஏ வேறு, நமக்குக் கிடைக்கும் வாட் வேறு. 600 விஏ என்று விற்பதில் பெரும்பாலும் 360 வாட்தான் தேறும். ப்ளக்கில் வாட் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 80, கேம் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்து 420. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆறு வருடம் காப்பாற்றிய யுபிஎஸ்ஸிடம் யானையைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன்.

சரி என்று 1000 விஏ வாங்கினேன். 600 வாட் தாங்கும். கணக்குப்படி 180 வாட் மிச்சம். கேமைப் போட்டுவிட்டுச் சுவர் சுவிட்சை நானே அணைத்தேன். கம்ப்யூட்டர் செத்தது. யுபிஎஸ் மட்டும் விளக்கெரிய உயிரோடு நின்றது.

அடுத்த இரண்டு வாரம் கேம் ஆடியதைவிட சுவிட்சை அணைத்ததுதான் அதிகம். டெஸ்க்டாப் திறந்திருக்கும்போது அணைத்தால் பிழைக்கிறது. வீடியோ ஓடும்போதும் பிழைக்கிறது. கேமை 60 பிரேமுக்குக் கட்டுப்படுத்திவிட்டு அணைத்தால் சில சமயம் பிழைக்கிறது, சில சமயம் இல்லை. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் சாவு. "அந்த சுவிட்ச் என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா கேட்டேவிட்டார்.

காரணம் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது. அது மட்டமானது என்பதால் இல்லை, நல்லது என்பதால். சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஊஞ்சல் மாதிரி. வளைந்து ஏறி, வளைந்து இறங்கும். மலிவு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறியதும் கொடுப்பது படிக்கட்டு. செங்குத்தாக ஏறி, நின்று, செங்குத்தாக விழும். பெட்டியில் 'சிமுலேட்டட் சைன் வேவ்' என்று நாசூக்காகப் போட்டிருப்பார்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்றொரு சுற்று உண்டு. ஊஞ்சலின் தாளத்தோடு ஒத்து மின்சாரத்தை இழுப்பது அதன் வேலை. அதைத் திடீரென்று படியில் தள்ளிவிட்டால் தடுமாறுகிறது. லேசான சுமையில் சமாளித்துக்கொள்கிறது; முழுச் சுமையில் முடியவில்லை. பல யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் 10 மில்லி விநாடிக்கும் குறைவு. அந்த இடைவெளியைத் தாண்டும் தெம்பு ஏடிஎக்ஸ் விதிப்படி செய்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உண்டு. தாண்டிப் போய்க் கால் வைக்கும் இடம்தான் சரியில்லை.

இந்த எஸ்எம்பிஎஸ்ஸை 80 பிளஸ் ஸ்டிக்கரை நம்பி வாங்கினேன். கோல்டு என்றால் பாதிச் சுமையில் 90 சதவீதத்துக்குக் குறையாத திறன். அது எல்லோருக்கும் தெரியும். பவர் ஃபேக்டர் 0.9க்குக் கீழே போகக்கூடாது என்ற நிபந்தனையும் அதே ஸ்டிக்கரில் அடக்கம். ஆக்டிவ் பிஎஃப்சி இல்லாமல் அது நடக்காது. அதாவது, காசு கொடுத்து நானே வாங்கி மாட்டிய பிரச்சினை இது. கேபினட்டோடு 'ஃப்ரீ சார்' என்று கடையில் தலையில் கட்டும் தகர டப்பா ஒருவேளை இந்தப் படிக்கட்டைக் கண்டுகொள்ளாமலே ஓடியிருக்கும். அப்புறம் என்றைக்காவது தானும் வெடித்து, போர்டையும் கூட அழைத்துக்கொண்டு போயிருக்கும். அதனால் கோல்டு வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு பில்டு வீடியோகூட இதைச் சொல்லவில்லையே என்ற கடுப்பு இருக்கிறது. எட்டு பாகம் வாங்கு, ஒன்பதாவதாக வண்ண விளக்கு வாங்கு என்று முடித்துவிடுகிறார்கள். அவர்கள் ஊரில் கரண்ட் போவதில்லை போலிருக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஏஎம்டி ஆள். கல்லூரிக் காலத்திலிருந்தே அப்படி. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, சில பேர் ஒரே பேனாவில் எழுதுவது மாதிரி. அந்த சனிக்கிழமை கையில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் இருந்தன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி: 16 ஜிபி நினைவகம், 263 வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070: 12 ஜிபி, 200 வாட். '16 பெரிசு, 12 சிறிசு' என்று முடிவெடுத்தேன். 263க்கும் 200க்கும் நடுவில் உள்ள 63 வாட்டை யார் பார்த்தார்கள்? நான் பார்த்திருக்க வேண்டும். நம் வீட்டில் அது ஒரு சீலிங் ஃபேன். ஆனாலும் இன்னொரு முறை வாங்கச் சொன்னால் 7800 எக்ஸ்டியைத்தான் எடுப்பேன். 16 ஜிபி 16 ஜிபிதான். இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் வாங்கினால் தீர்ந்தது என்றார்கள். விலை கேட்டேன். கிராபிக்ஸ் கார்டு விலையில் மூன்றில் ஒரு பங்கு. நன்றி சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்கினேன்.

தீர்வு மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தது. வீட்டு இன்வெர்ட்டர்! நாலு வருடத்துக்கு முன்பு அப்பா வாங்கிப் போட்டது, 1100 விஏ, ப்யூர் சைன் வேவ். ஃபேனும் லைட்டும் அதில்தான் ஓடுகின்றன. என் அறை ப்ளக் பாயிண்டையும் அந்த லைனுக்கு மாற்றினேன். சுவிட்சை அணைத்தேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. முழுதாகச் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. வெறுத்துப்போய் விட்டுவிட்டேன்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வந்த அண்ணன்தான் கண்ணைத் திறந்தார். என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே இன்வெர்ட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். "நார்மல்ல கிடக்குது தம்பி. கம்ப்யூட்டர் மாட்டினா யுபிஎஸ்ல போடணும்ல?" என்று ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளினார். டக். அவ்வளவுதான்.

நார்மல் மோடில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேனுக்கும் ட்யூப்லைட்டுக்கும் அது போதும். எஸ்எம்பிஎஸ் அவ்வளவு நேரம் மூச்சடக்காது. யுபிஎஸ் மோடில் சட்டென்று மாறும். அன்று மாலை முழுச் சுமையில், பிரேம் கட்டுப்பாடு எதுவுமில்லாமல், பதினொரு முறை சுவிட்சை அணைத்தேன். பதினொரு முறையும் திரை சிமிட்டக்கூட இல்லை. பத்து வாரத்தில் இந்தக் கம்ப்யூட்டர் தந்த ஆகப்பெரிய மகிழ்ச்சி அதுதான். ரே ட்ரேசிங் எல்லாம் அதற்கு அப்புறம்.

சும்மா வருமா சுகம்? யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டருக்கு லோ வோல்டேஜ் பொறுக்காது. தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் ராத்திரியில் வோல்டேஜ் இறங்கினால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்குத் தாவிவிடுகிறது. டக், டக் என்று மாடிப்படிக்கு அடியில் ஒரு பல்லி கொட்டிக்கொண்டே இருக்கும். 420 வாட்டை நான் உறிஞ்சினால் கூடத்து ஃபேனுக்கு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மே மாதத்தில் குடும்பப் பிரச்சினை. ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்: கரண்ட் போனால் 'ரேடியான் சில்' என்ற வசதியைப் போட்டுப் பிரேமைக் குறைத்துக்கொள்ள வேண்டும், சேவ் செய்ய வேண்டும், பத்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். மீறினால் அம்மா வந்து ப்ளக்கைப் பிடுங்குவார். அதற்கு எந்த யுபிஎஸ்ஸும் கிடையாது.

இன்னொரு பழைய எரிச்சலையும் இங்கேயே இறக்கி வைக்கிறேன். கேபினட்டின் உலோகத்தில் கை பட்டால் சுருக்கென்கிறதா? கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் வீட்டு எர்த்தில் கோளாறு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கசியவிடும் கொஞ்சம் மின்சாரம் எர்த் வழியாக இறங்க வேண்டும். வழி இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியாக இறங்கும். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் ஓட்டையில் மாட்ட அடாப்டர் விற்கிறார்களே, அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் லிஸ்டோடு வந்தான். பிளஸ் டூ முடித்திருக்கிறான், மார்க்குக்குப் பரிசாம். ப்ராசசர், போர்டு, கார்டு எல்லாம் நன்றாகவே பொறுக்கியிருந்தான். நான் பேனாவை எடுத்து, லிஸ்டின் தலையில் 'ப்ளக் பாயிண்ட், எர்த், இன்வெர்ட்டர் மோடு' என்று எழுதிவிட்டுக் கேட்டேன்: "கேம் நடுவுல கரண்ட் போச்சுன்னா என்னடா பண்ணுவ?"

"போன்ல ஆடுவேண்ணா" என்றான்.

எர்த்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்தேன்.