லிட்டருக்கு ஒன்பது கிராம்

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே சலைன் பாட்டில் தொங்குவதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். 0.9 சதவீதம் என்று அதில் போட்டிருக்கும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதன் மோலார் நிறையான 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோல். நீரில் கரைந்ததும் சோடியம் ஒரு பக்கம், குளோரைடு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுவதால் இரண்டால் பெருக்க வேண்டும். உடல் சூடு 310 கெல்வின், வாயு மாறிலி 0.0821. எல்லாவற்றையும் பெருக்கினால் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறக்குறைய 7.8 வளிமண்டலம். எண்பது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும் அழுத்தம்! ரத்தச் சிவப்பணுவின் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே அளவு இருப்பதால்தான் அது சலைனில் பேசாமல் மிதக்கிறது.

இரண்டால் பெருக்குவதை வகுப்பில் பிள்ளைகள் மறப்பார்கள். விடை பாதியாகிவிடும். அந்த விடையை நம்பி சலைன் தயாரிப்பவர் உப்பை இருமடங்கு போடுவார். அணுக்கள் நீரை இழந்து சுருங்கிப்போகும். ஒரு மதிப்பெண் தவறுதான் என்று இதை எப்படிச் சொல்வது?

கரைசலுக்குள் வாயு மாறிலிக்கு என்ன வேலை? இந்தக் கணக்கின் ருசியே அங்கேதான். 1877-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் பிஃபெஃபர், நுண்துளைகள் கொண்ட மண் கலத்தின் சுவரில் ஒரு செப்பு உப்பைச் சவ்வாகப் படியவைத்து, சர்க்கரைக் கரைசலின் அழுத்தத்தை அளந்தார். ஒரு சதவீதக் கரைசலுக்கு வளிமண்டலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தது. பின்னாளில் வேதியியலாளர் வாண்ட் ஹாஃப் அந்த எண்களை வாயுச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தார், பொருந்திவிட்டன. நீரில் கரைந்த சர்க்கரை, வெற்றிடத்தில் அலையும் வாயுபோல நடந்துகொள்கிறது. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901-இல், அவருக்குத்தான்.

எனக்குப் பிடித்த கணக்கு ஹீமோகுளோபின். மோலார் நிறை சுமார் 64,500. லிட்டருக்குப் பத்து கிராம் கரைத்தால் உறைநிலை 0.0003 டிகிரிகூட இறங்காது. எந்தச் சாதாரண வெப்பமானிக்கும் அது தெரியாது. அதே கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தமோ நீரை 39 மில்லிமீட்டர் ஏற்றிவிடும். பள்ளிக்கூட அளவுகோலே போதும், ஒரு மூலக்கூறை எடைபோட.

வினை வெப்பக் கணக்குகளின் சுவை வேறு. கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு மட்டும் ஆகும்போது வெளிவரும் வெப்பத்தை நேராக அளக்க முடியாது. டைஆக்சைடும் கூடவே வந்து கலந்துவிடும். வேதியியலாளர் ஹெஸ் 1840-இல் வழி சொன்னார்: எந்தப் பாதையில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே. கரி முழுதாக எரிந்தால் −393.5 கிலோஜூல், மோனாக்சைடு எரிந்தால் −283. இரண்டாவது சமன்பாட்டைத் தலைகீழாக்கிக் குறியை மாற்றிக் கூட்டினால் −110.5. கலோரிமானி தொடாத எண், தாளில் கிடைக்கிறது. குறியைத் திருப்ப மறந்தால் மட்டும் ஆபத்து, −676.5 என்று ஒரு பூதம் கிளம்பும்.

நடுநிலையாக்கல் கணக்கு சின்னது, ஆனால் கையால் செய்துபார்க்கலாம். தெர்மோகோல் கோப்பையில் ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. மோலுக்கு 57 கிலோஜூல் என்று போட்டால் வெப்பநிலை 6.8 டிகிரி ஏற வேண்டும். வெப்பமானி சற்றுக் குறைவாகவே காட்டும். மிச்சச் சூடு கோப்பையிலும் காற்றிலும் இருக்கிறது. கொஞ்சம், பிடித்திருக்கும் விரல்களில்.