ஒரு பங்கு இருபத்தைந்து ரூபாய்

வ.உ.சி. என்றால் நம்மில் பலருக்கு முதலில் வருவது செக்கு. 1961இல் பி.ஆர்.பந்துலு இயக்கிய ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி செக்கிழுக்கும் காட்சி அவ்வளவு ஆழமாக உட்கார்ந்துவிட்டது. முழுப் படம் பார்க்காதவர்கள்கூட அந்தத் துண்டை யூடியூபில் பார்த்திருப்பார்கள். நல்ல நடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் செக்குக்குப் பின்னால் ஒரு எளிய கேள்வி மறைந்துபோய்விட்டது. கப்பல் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது?

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். தலா 25 ரூபாயில் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் எடுத்தார், அதாவது 2 லட்சம் ரூபாய். முதலில் வாடகைக் கப்பல்தான். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்கடியில் அதுவும் கையை விட்டுப் போனது. சொந்தக் கப்பல் இல்லாமல் ஆகாது என்ற நிலையில் 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘பங்கு’. வ.உ.சி. நன்கொடை கேட்கவில்லை. நன்கொடை கொடுத்தவன் கொடுத்ததோடு மறந்துவிடலாம். பங்கு வாங்கியவன் கணக்குக் கேட்பான். தேசபக்தியை உணர்ச்சியிலிருந்து எடுத்துப் பேரேட்டில் எழுதியதுதான் அவர் செய்த புதுமை என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்தது ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கிற யாருக்கும் புரியும். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்று இறங்கியது. நஷ்டத்தைத் தாங்கும் ஆழமான பை அவர்களிடம் இருந்தது. 25 ரூபாய்க்காரர்களிடம் அது எங்கே இருக்கும்? 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யும், எங்கள் திண்டுக்கல் பக்கத்து வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள், சிவாவுக்குப் பத்தாண்டு. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

ம.பொ.சி.யின் நூலை அடிப்படையாகக் கொண்ட படம், இந்தக் கூட்டு முயற்சியைத் தனிமனிதத் தியாகமாகவே நம் மனதில் நிறுத்துகிறது. பங்குதாரர்கள் மங்கிப்போகிறார்கள். 2024இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ முக்கியமாவது இந்த இடத்தில்தான். கைதுக்கு மறுநாள் தெருவில் இறங்கிய பெயர் தெரியாத சனங்களை அது வரலாற்றுக்குள் கொண்டுவருகிறது. நாயகன் இருக்கிறார், ஆனால் கூட்டமும் இருக்கிறது.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. கப்பலைத் தியாகமாக மட்டும் நினைவில் வைத்தால், நம் வேலை கண்ணீரோடு முடிந்துவிடும். கம்பெனியாக நினைவில் வைத்தால் பொறுப்பும் சேர்ந்து வரும். விக்ராந்தைப் பாருங்கள். நீராவி டர்பைனில் ஓடிய நம் முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1997இல் ஓய்வு, கொஞ்ச காலம் மும்பையில் அருங்காட்சியகம், 2014இல் ஏலம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயும் பலனில்லை. அந்த இரும்பைக் கலந்து ஒரு பைக் வந்தது, நாமும் பெருமையாக விளம்பரம் பார்த்தோம். இங்கிலாந்தில் 1843இல் மிதக்கவிடப்பட்ட ‘கிரேட் பிரிட்டன்’ நீராவிக் கப்பலோ ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்தது. ஒருவர் பணம் போட, பலர் உழைக்க, 1970இல் பிரிஸ்டலுக்குத் திரும்பி வந்தது. இன்றும் அங்கே நிற்கிறது.

காலியாவும் லாவோவும் இனி வரப்போவதில்லை. ஆனால் அடுத்த முறை ஏதோ ஒரு பழைய கட்டடத்துக்கோ நூலகத்துக்கோ காசு திரட்டுகிறவர்கள் நம் வாசலுக்கு வரும்போது, செக்கைவிட அந்த 25 ரூபாய்ப் பத்திரம் நினைவுக்கு வந்தால் நல்லது. கொடுத்துவிட்டு, கணக்கும் கேட்கலாம்.