கண்ணாடியும் சிலுவையும்

தன் முகத்தைத் தானே வரைய விரும்பும் ஓவியன் கண்ணாடியின் முன் அமர்கிறான். கண்ணாடி உருவத்தைக் காட்டும். உள்ளத்தைக் காட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே, 'நான் எவ்வாறு தோன்றுகிறேன்?' என்னும் வினாவோடு நின்றுவிட்டவர்களின் தன்னுருவ ஓவியங்கள் வெறும் முகப்படங்களாகவே எஞ்சின. 'நான் யார் முன் நிற்கிறேன்?' என்று வினவியவர்களே அதனைத் தன்னாய்வாக உயர்த்தினர்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) தம் வாழ்நாளில் ஏறத்தாழ நாற்பது முறை வண்ணத்திலும், முப்பதுக்கும் மேற்பட்ட முறை செப்புத்தகட்டு அச்சோவியத்திலும் தம்மையே வரைந்தார். இளமையில் கண்களை அகல விரித்தும், வாயைத் திறந்தும், புருவத்தை நெரித்தும் தம் முகத்தைப் பயிற்சிக் களமாக்கிக்கொண்டார். பின்னர்ப் புகழும் செல்வமும் வந்தன; ஆடம்பர உடைகளும் ஓவியத்தில் இடம்பெற்றன. 1642இல் மனைவி சஸ்கியா மறைந்தார். 1656இல் கடன் சுமையால் நொடித்துப்போனார்; வீடும் கலைப்பொருள்களும் விற்கப்பட்டன. முகத்தில் விழுந்த ஒவ்வொரு சுருக்கத்தையும் தூரிகை மறைக்காமல் பதிவு செய்தது.

ஆயினும் அவருடைய தன்னாய்வின் ஆழத்தைக் காண விரும்புவோர், தனி முகப்படங்களைவிட, மியூனிக் நகரக் கலைக்கூடத்திலுள்ள 'சிலுவை உயர்த்தப்படுதல்' என்னும் ஓவியத்தின் முன் நிற்க வேண்டும். 1633ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்டது அது. ஆண்டவரை அறைந்த சிலுவையைத் தூக்கி நிறுத்தும் கொலைஞருள் ஒருவன் நீலநிற உடையும், ஓவியர் அணியும் தொப்பியும் தரித்திருக்கிறான். முதல் நூற்றாண்டு எருசலேமில் அத்தொப்பிக்கு இடமில்லை. அம்முகம் ரெம்பிராண்டின் முகம்! சிலுவையடியில் அழுதுநின்ற யோவானாகத் தம்மை வரைந்திருக்கலாம். சுமையைத் தாங்கிய சீமோனாகவும் வரைந்திருக்கலாம். அவர் தேர்ந்துகொண்ட இடமோ கொலைஞர் நடுவில். 'இவரை அறைந்தவர் யார்?' என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடையை எந்த மறையுரையும் தந்துவிட முடியாது.

இங்கு ஒரு மறுப்பையும் எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும். தன்னாய்வு என்பது பிற்காலத்தார் ஏற்றிச் சொன்ன கருத்து என்றும், புகழ்பெற்ற ஓவியரின் கைவண்ணத்தையும் முகத்தையும் ஒருங்கே பெற விரும்பிய வாங்குவோருக்காகவே பல தன்னுருவங்கள் வரையப்பட்டன என்றும் எர்ன்ஸ்ட் வான் டே வெட்டரிங் போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டனர். இதில் உண்மை உண்டு. ஆனால் சந்தை ஓவியத்தைக் கேட்டதற்குக் காரணம் கூறுமேயன்றி, ஓவியம் உண்மையைச் சொன்னதற்குக் காரணம் கூறாது. விற்பதற்கு அழகிய முகம் போதுமே! தளர்ந்த கன்னமும் களைத்த விழியும் எதற்கு?

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் வழி இன்னும் கடுமையானது. 1606இல் உரோமையில் ஒருவரைக் கொன்று, மரண தண்டனைக்கு அஞ்சி ஓடியவர் அவர். இன்று உரோமையின் போர்கேசே கலைக்கூடத்திலுள்ள அவரது ஓவியத்தில், வெட்டுண்ட கோலியாத்தின் தலையைத் தாவீது ஏந்தி நிற்கிறார். அத்தலை கரவாஜ்ஜோவினுடையது என்பது பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட செய்தி. தாவீதின் முகத்தில் வெற்றிக்களிப்பு இல்லை. இரக்கம் தோய்ந்த துயரமே தெரிகிறது. தனக்குத் தானே தீர்ப்பளித்துக்கொண்ட ஓவியர், தன்னை இரக்கத்தோடு நோக்கும் ஒருவரையும் அருகில் வரைந்தார். மன்னிப்பை நாடி உரோமைக்குத் திரும்பும் வழியில் 1610இல் அவர் இறந்தார்.

எழுத்தில் இவ்வழியைத் திறந்தவர் புனித அகுஸ்தீனார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் 'அறிக்கைகள்' நூலில், பதினாறு வயதில் பேரிக்காய் திருடியதை அவர் நினைவுகூர்கிறார். பசிக்காகத் திருடவில்லை, திருடும் இன்பத்திற்காகவே திருடினேன் என்கிறார். பத்தாம் பகுதியிலோ ஆயராகிவிட்ட பின்னும் தம்மைத் தொடரும் சோதனைகளை எண்ணிப் பார்க்கிறார். நூல் முழுவதும் இறைவனை நோக்கியே பேசுகிறது. அதே பெயரில் நூல் எழுதிய ரூசோவும் தம் குறைகளைச் சொல்கிறார். தம் பிள்ளைகளை அநாதை விடுதிக்கு அனுப்பியதையும் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த கணமே அதற்கு நியாயம் தேடுகிறார். வாசகரை நடுவராக்கினால் வழக்காட வேண்டியுள்ளது. இறைவன் முன் நின்றால் வழக்கு தேவையில்லை.

அகுஸ்தீனார் ஆண்ட இலத்தீன் சொல்லுக்குக் குற்றத்தை ஏற்றல், இறைவனைப் புகழ்தல் என இரு பொருளும் உண்டு. நம் முன்னோர் வழங்கிய 'பாவசங்கீர்த்தனம்' என்னும் சொல்லிலும் புகழ்ப்பாடலைக் குறிக்கும் 'சங்கீர்த்தனம்' அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. தன் இருளைச் சொல்லும் நாவே அவர் ஒளியையும் பாடுகிறது.

ரெம்பிராண்ட் இறந்த 1669ஆம் ஆண்டில் வரைந்த தன்னுருவம் ஒன்று இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அதில் முதலில் அவர் கையில் தூரிகை இருந்ததை எக்ஸ்ரே ஆய்வு காட்டியது. பின்னர் அதை அழித்துவிட்டு, கோத்த கைகளாக மாற்றி வரைந்தார். அமைப்பழகு கருதியும் அவ்வாறு செய்திருக்கலாம். எனினும் அக்கைகள் நம்மோடு பேசுகின்றன. கைப்பேசியில் நாள்தோறும் நம் முகத்தை நாமே படம் பிடித்து, பிடிக்காததை அழித்துவிடும் காலம் இது. நாளின் முடிவில், அழிக்காமல் ஒரு படத்தை ஆண்டவர் முன் வைப்பதற்குத்தான் திருச்சபை ஆத்தும சோதனையை நமக்குக் கற்பித்தது. அவ்வேளையில் நம் கைகளும் வெறுமையாய்க் கோத்திருக்கட்டும்.